ரப்பி சாட்டையை எடுத்த சனிக்கிழமை

குதிரையை வண்டியில் பூட்டப்போன என் கையிலிருந்து எங்கள் யூதத் தெருவின் குருவான ரப்பி வாரைப் பிடுங்கினார்.

"தள்ளி நில்லு ஃபிஷெல்."

தொழுகைச் சால்வை இன்னும் அவர் தோளிலேயே கிடந்தது. தொழுகைக்கூடத்திலிருந்த ஆண்கள் அத்தனை பேரும் அவர் பின்னாலேயே ஓடிவந்து என் கொட்டகை வாசலில் மூச்சிரைக்க நின்றார்கள்.

சற்றுமுன்தான் மருத்துவச்சி கித்தெல் தெருவெல்லாம் கேட்கும்படி கத்திக்கொண்டு வந்திருந்தாள். தையல்காரி பாஷாவின் வயிற்றில் குழந்தை குறுக்காகக் கிடக்கிறது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து டாக்டர் உடனே வராவிட்டால் இரண்டு உயிரும் போய்விடும்.

உடனே எல்லாருக்கும் என் ஞாபகம் வந்தது.

நான் பாவி. வண்டி பூட்டுவதும் அடுப்பு மூட்டுவதும்கூட ஆகாத ஓய்வுநாள் என்றும் பாராமல் சனிக்கிழமைதோறும் ரயிலடிக்கு வண்டி ஓட்டுகிறவன். பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் தொழுகை; பத்தாவது ஆள் கிடைக்காமல் ஒன்பது பேர் குளிரில் காத்திருந்தாலும் என்னைக் கூப்பிடமாட்டார்கள். என் வண்டிச் சத்தம் கேட்டால் தாய்மார்கள் ஜன்னலைச் சாத்துவார்கள்.

அன்றைக்கு மட்டும் என்னிடம் ஒரு குதிரை இருப்பது எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

தானிய வியாபாரி ஸெலிக் சால்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டார். "ரப்பி, விடுங்க. எப்பவும் பாவம் பண்றவன் ஒருத்தன் இருக்கான். அவனுக்கு இதோட இன்னொண்ணு கூடினா என்ன ஆயிடப்போவுது? நீங்க எதுக்கு? புள்ளைங்க பாக்குதுங்க."

"பாக்கட்டும்." ரப்பி பேசிக்கொண்டே வாரை இழுத்துக் கட்டினார். "உசுரைக் காப்பாத்துறது பாவம்னு உமக்கு யாருய்யா சொன்னது? கட்டளை அது. எனக்கு வந்ததை இவன் தலையில எதுக்குக் கட்டணும்? நாளைக்கு இன்னொரு உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்கும்போது, பாவி எங்கேன்னு இந்தப் புள்ளைங்க வீடு வீடாத் தேடணுமா?"

எனக்குச் சுருக்கென்றது.

"உங்களுக்குக் குதிரை ஓட்டத் தெரியுமா ரப்பி?"

"எங்கப்பா குதிரை வியாபாரி. உங்கப்பா?"

"தொப்பி தைக்கிறவரு."

"அப்போ பேசாம ஏறு. குதிரைக்கு உன் குரல்தானே பழக்கம்? நீ கத்து. நான் ஓட்டுறேன்."

சாட்டை காற்றில் வெடித்தது.

என் கிழட்டுப் பெட்டைக்குள் இப்படியொரு குதிரை ஒளிந்திருந்தது எனக்கே தெரியாது.

"ஓடுடி! ஓடுடி என் தங்கம்!"

மரப்பாலத்தின் பலகைகள் ஒவ்வொன்றாகத் துள்ளின. வளைவில் ஒரு பக்கச் சக்கரம் தரையைவிட்டு எழும்பி மறுபடி விழுந்தது. ரப்பியின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. வேதத்துச் சங்கீதம் சொன்னாரா, குதிரையைத் திட்டினாரா, தெரியவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அக்கரையில் டாக்டர் சுருட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

நான் போய்க் கூப்பிட்டிருந்தால் யாருக்கு, என்ன என்று விசாரித்துவிட்டு, காபியையும் குடித்து முடித்துத்தான் எழுந்திருப்பார். சனிக்கிழமையன்று ரப்பியின் கையில் சாட்டையைப் பார்த்ததும் சுருட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, பையோடு ஓடிவந்து வண்டியில் விழுந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

திரும்பும்போது தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன். ஓய்வுநாளில் எங்கள் தெருவில் எந்தப் புகைபோக்கியும் புகையாது. பாஷா வீட்டுப் புகைபோக்கி கருகருவென்று புகைந்துகொண்டிருந்தது.

உள்ளே ஸெலிக் அடுப்புக்கு முன்னால் மண்டியிட்டு ஊதிக்கொண்டிருந்தார். தாடியெல்லாம் கரி.

"ஊதுங்கய்யா, நல்லா ஊதுங்க! உங்க தானியக் கடையில மூட்டைமேல சாஞ்சு கெடக்குற மாதிரி கெடக்காதீங்க!" என்று கித்தெல் அவரை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது பானை கொதிக்குது டாக்டர்!" ஸெலிக்கின் குரலில் அப்படி ஒரு பெருமை.

முற்றத்தில் ஒருவர் விறகு பிளந்தார். ஒருவர் கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலைச் சாத்துகிற பெண்கள் தங்கள் வீட்டு வெள்ளைத் துணிகளைக் கொண்டுவந்து பரபரவென்று கிழித்துக்கொடுத்தார்கள். ஊரே வேலை செய்தது.

டாக்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

பாஷாவின் அலறல் ஒருமுறை கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. கோடாலி அந்தரத்தில் நின்றது. கிணற்று உருளை நின்றது. என் குதிரைகூட மூச்சை அடக்கியதுபோல இருந்தது.

பிறகு, கோபமான, மெல்லிய, புத்தம்புதிய ஓர் அழுகை.

"பொண்ணு!" கித்தெல் கதவைத் திறந்துகொண்டு கத்தினாள். "தாயும் பொழச்சிட்டா! தண்ணி கேக்குறா!"

தெருவே ஆர்ப்பரித்தது. ஸெலிக் வெளியே ஓடிவந்து, யாரென்று பார்க்காமல் என்னைக் கட்டிப்பிடித்தார். யாரென்று பார்த்த பிறகும் விடவில்லை. என் சட்டையெல்லாம் கரி.

ரப்பி குதிரையின் வார்களைத் தளர்த்திக்கொண்டிருந்தார். வேகத்தில் வார் அறுத்து அவர் விரல்களில் ரத்தம் கசிந்தது. வழக்கம்போல நான் வாரை வாங்கக் கை நீட்டினேன்.

புறங்கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"தொடாதேடா. இன்னிக்கு சனிக்கிழமை."

கையை இழுத்துக்கொண்டேன்.

அன்று எங்கள் ஊரில் ஓய்வுநாளைக் கடைப்பிடித்தவன் நான் ஒருவன்தான்.