துணிக்குள் நடந்த உபதேசம்

“அக்காவை எழுப்பி வூட்டுக்குள்ள கூட்டிட்டுப் போங்க மச்சான். சனமெல்லாம் சிரிக்குது” என்று காதோரம் வந்து சொன்னான் மைத்துனன் கோவிந்தன்.

கிருஷ்ணப்பனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காவிரிக்கரை மடத்துச் சாமியார் நல்லம்பள்ளிக்கு எழுந்தருளி, கிருஷ்ணப்பன் வீட்டு வாசல் பந்தலில் உபதேசம் அருளிக்கொண்டிருக்கிறார். தாம்பாளத்தோடு காத்திருக்கும் வரிசையில் அவருடைய தமக்கை தீர்த்தம்மாளும் அல்லவா உட்கார்ந்திருக்கிறாள்! விஷ சுரத்தில் இரண்டு காதும் அடைத்துப்போனவள். பக்கத்தில் வேட்டுப் போட்டாலும் திரும்பமாட்டாள்.

உபதேசமோ காதில் சொல்லப்படுவது. குருவும் சீடரும் தலையோடு தலை சேர்த்து ஒரே துணியால் போர்த்திக்கொள்வார்கள். துணிக்குள் குரு மந்திரத்தை வலது காதில் ஒருமுறை ஓதுவார். அது வெளியார் செவியில் விழுந்துவிடாதபடி அந்த நேரம் முழுதும் சேகண்டியை ஓங்கி அடிப்பார்கள். மறுமுறை சொல்லும் வழக்கமில்லை.

யுத்தத்தினால் துணிக்குத் தட்டுப்பாடு நிலவிய காலம். புதுத்துணி கிடைக்காமல் கிருஷ்ணப்பன் தம் கலியாண வேட்டியையே போர்வையாகக் கொடுத்திருந்தார். அவருக்கும் அன்று ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. முதல் உபதேசம் வாங்கி வெகுகாலமாகிவிட்டது. இரண்டாம் உபதேசமும் கிடைத்துவிட்டால் ஊர்ப் பஜனைக்கு அவரே தலைவர். அப்படிப்பட்ட நாளில் இப்படி ஒரு கேலிக்கூத்து வேண்டுமா?

தமக்கையின் எதிரில் போய் நின்று, தம் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். உனக்குத்தான் கேட்காதே என்று அர்த்தம். தீர்த்தம்மாள் தாம்பாளத்தை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“விடுங்க மாமா. சாமியே பாத்துத் திருப்பி அனுப்பிருவாரு” என்றான் சேகண்டி அடித்துக்கொண்டிருந்த மாதையன்.

அவளுடைய முறை வந்தது. கிருஷ்ணப்பன் ஓடிப்போய்க் கைகட்டி நின்றார்.

“சாமி, இது என் கூடப்பொறந்தவங்க. காது சுத்தமாக் கேக்காதுங்க.”

“தெரிகிறது. இப்படி வந்து உட்காரச் சொல்” என்றார் சாமியார்.

வேட்டி இருவர் தலையையும் மூடியது. மாதையன் சேகண்டியை முழக்கினான்.

மற்றவர்களுக்கெல்லாம் வெற்றிலை மடிக்கும் நேரத்தில் முடிந்த காரியம், இவளுக்கு முடிகிற வழியாக இல்லை. மாதையனுக்கு வலக்கை ஓய்ந்துவிட்டது. இடக்கைக்கு மாற்றினான். அதுவும் ஓய்ந்தது.

“என்னாங்க மாமா இது? பஞ்சாங்கத்தையே படிச்சுக் காட்டறாரா?” என்று கத்தினான்.

“செவுட்டுக் காதுல எம்புட்டு நேரம் ஓதுனா என்னாடா?” என்றான் கோவிந்தன். “தட்டுல தேங்கா பழம் இருந்தாக் கல்லுக்கும் உபதேசம் நடக்கும்!”

வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். கிருஷ்ணப்பனின் மனைவி சென்னம்மாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, சாமிக்குக் கிண்டுன களி ஆறிப்போகுதுங்க. இன்னும் ஆவலையா?”

“என்னை என்னா பண்ணச் சொல்றே? துணியைப் பிடிச்சு இழுக்கவா?”

ஒருவழியாகத் துணி விலகியது. தீர்த்தம்மாளின் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. ஆனால் முகமோ கோடை மழை பெய்து ஓய்ந்த கொல்லைபோலத் தெளிந்து கிடந்தது. அதைவிட அதிசயம், சாமியாரும் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதுதான். அடைத்த காதுக்குள் நுழைந்த அந்த மந்திரம் எதுவாக இருக்கும்?

எல்லாரும் எழுந்தபின் கிருஷ்ணப்பன் பயபக்தியோடு எதிரில் அமர்ந்தார்.

“சாமி, எனக்கு ரெண்டாவது உபதேசம்...”

“இந்த வருஷம் வேண்டாம், கிருஷ்ணப்பா.”

“ஏனுங்க சாமி? நான் என்னா கொறை வெச்சேன்?”

“உபசாரத்தில் ஒரு குறையுமில்லை. நாள் ஆகட்டும்.”

சாமியார் களியை உண்டுவிட்டு வண்டி ஏறிவிட்டார்.

கிருஷ்ணப்பனுக்கு ஆறவில்லை. பந்தல் போட்டவனுக்கு இல்லை; காது கேட்காதவளுக்கு மட்டும் அத்தனை நேரமா? அப்படி என்னதான் ஓதினார்? உபதேச மந்திரத்தை விசாரிப்பது தோஷம் என்று அவருக்குத் தெரியும். ஆயினும் கால்கள் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டன. அங்கே தீர்த்தம்மாள் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

கிருஷ்ணப்பன் தலையில் துண்டைப் போர்த்திக் காட்டினார். காதைத் தொட்டார். என்ன என்று கையை ஆட்டினார்.

“சாமியா? சாமி ஒண்ணுமே சொல்லலை தம்பி” என்றாள் அவள், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில்.

கோவிந்தன் சொன்னதுதான் மெய்யா? தேங்காய் பழத்துக்காக நடந்த நாடகமா?

“துணிக்குள்ள போனதும் அவரு காதைக் கொண்டாந்து என் வாய்கிட்ட வெச்சாரு. எனக்கு ஒண்ணும் ஓடலை. அப்புறம் அந்தச் சொரத்துல செத்துப்போன எம் புள்ளையப் பத்திச் சொன்னேன். மெதுவாத்தான் ஆரமிச்சேன். நிறுத்த முடியலை. அவ பேச்சை எடுத்தாலே நீங்கல்லாம் கையைக் காட்டி அடக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவீங்க. அவரு காதை எடுக்கவேயில்லை.”

கிருஷ்ணப்பனின் துண்டு தலையிலிருந்து நழுவியது. தீர்த்தம்மாள் ஒரு புளியை எடுத்துப் பிளந்துகொண்டே சொன்னாள்:

“என் காது போனதிலிருந்து உங்க யாருக்குமே கேக்கறதில்லையே, தம்பி. அவரு ஒருத்தருக்குத்தான் கேட்டுச்சு.”