ஒரே டேக்கில் மழை

வானம் தானாகப் பெய்வது நின்ற பிறகு, நல்லம்பட்டிக்கு மழை என்றால் ஸ்டுடியோ வரவழைக்கும் மேகம்தான். மழைக் காட்சி எடுத்தால் சுற்றியுள்ள காடுகரையும் நனையும். போன படத்தில் புதுக் கதாநாயகன் வசனத்தை மறந்துகொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் மழை பெய்ய, கண்மாய் நிரம்பியது.

இன்று சாவுக் காட்சி. மகனைப் பறிகொடுத்த தாயாக நடிக்க, பெயர்பெற்ற நடிகை ஒருவர் வந்திருந்தார். ஒப்புக்கு அழ ஊர்ப் பெண்களை உட்கார்த்தியிருந்தார்கள்.

"அந்தம்மா ஒரே டேக்குல முடிச்சிருமாம், மதினி" என்றாள் குருவம்மாள்.

"முடிக்க விட்டாத்தானே? நடுவுல நான் பொக்குனு சிரிச்சிருதேன். திட்டுனாத் திட்டட்டும், திரும்ப எடுக்கணும்ல" என்றாள் சீனியம்மாள். காய் பிடிக்கும் நேரத்தில் அவளுடைய கடலைச்செடிகள் வாடிக் கிடந்தன.

மழை தொடங்கியது. நடிகை தன் முந்தானையால் பிணத்தின் தலையை மூடினார்.

"நனையாதய்யா, சளி பிடிச்சுக்கிரும்."

குருவம்மாள் இடித்தாள். சிரிக்க வாயைத் திறந்த சீனியம்மாளுக்கு அழுகைதான் வந்தது.

"ஓகே! பிரமாதம்!" என்றார் இயக்குநர். மழையை நிறுத்தினார்கள். மேல்மண்தான் நனைந்திருந்தது.

"சிரிக்கேன்னுட்டு இப்படிக் கவுத்திட்டீகளே, மதினி" என்றாள் குருவம்மாள்.