ஜீப் பேட்டரி

தெருவில் ஒருவரின் ஜீப்பில் பேட்டரி கழற்றும்போது பிடிபட்டவனை ஊர்க்காரர்கள் மரத்தில் கட்டி வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். சுபைதா ஓடிப்போய் அவன் முன்னால் நின்று மறித்தாள்.

“தள்ளுங்கக்கா, இவனை விடக்கூடாது!”

“இன்னும் ஒரு அடி விழுந்தா செத்துருவான். போலீசுக்குச் சொல்லிட்டேன், வந்துருவாக.”

போலீஸ் வந்து அவனை அவிழ்த்தது. சப்-இன்ஸ்பெக்டர் அவளிடம் கேட்டார்.

“உங்க மகனாம்மா?”

“இல்ல சார். போன மாசம் எங்க ஜீப் பேட்டரியக் கழட்டுனதும் இவன்தான், இப்ப அடிக்கையில அவனே ஒத்துக்கிட்டான். அன்னைக்கு விடியக்காலைல எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. வண்டி ஸ்டார்ட் ஆகல. வேற வண்டி வர்றதுக்குள்ள மவுத்தாயிட்டாக.”

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

“அப்புறம் ஏம்மா காப்பாத்துனீங்க?”

“இவன் உசுரோட கோர்ட்டுல நிக்கணும் சார். அங்கன வச்சு நான் சொல்றத இவன் முழுசாக் கேக்கணும்.”