பத்தடி மண் யாருக்கு?

காலை ஏழு மணி. அகலம் பத்தடி. ஆக்கிரமித்தவர் பெயர் ஹாரன்.

பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மெதுவாகப் பேச வராது. தெரு வைத்த பெயர் அது.

சர்வேயர் டேப்பைச் சுருட்டினார். தன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஹாரன் போட்டிருந்த தோட்டம் முழுக்கப் பக்கத்து வீட்டு டீச்சருடையது. தக்காளி காய்த்துத் தொங்குகிற நேரத்தில் பிடுங்கத்தானா இந்த அம்மா அளக்கச் சொல்லி மனுப் போட்டார்? சர்வேயருக்குக் கசந்தது.

"பத்திரம் எங்கிட்ட இருக்கு டிரைவரண்ணே. அப்புறம் எப்படி நிலம் உங்களுது?" என்றார், தத்துவ வகுப்பு எடுக்கும் டீச்சர்.

"உங்களுக்கு வித்தவர்கிட்டயும் பத்திரம் இருந்திச்சு. அவருக்கு வித்தவர்கிட்டயும் இருந்திச்சு. அப்படியே பின்னாடி போங்க. கடைசியில எவனோ ஒருத்தன் குச்சி நட்டு 'இது என்னுது'ன்னிருப்பான். அவனுக்கு யாரு டீச்சர் எழுதிக் குடுத்தா?"

"அவன் முதல்ல வந்தான்."

"முதல்ல வந்தது ஓணான்."

சர்வேயர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சரி, உழைச்சவருக்கே சொந்தம்னு வெச்சுக்குவோம். முப்பது வருஷம் பஸ் ஓட்டினீங்களே, பஸ் உங்களுதாயிடுச்சா?"

ஹாரன் செடிகளைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"பஸ்ஸை நான் செய்யல டீச்சர். இந்த மண்ணை நான் செஞ்சேன். நான் வந்தப்ப இங்க கட்டடம் இடிச்ச குப்பைதான். கண்ணாடிச் சில்லு, துருப்பிடிச்ச ஆணி... எல்லாம் இந்தக் கையால பொறுக்கினது."

டீச்சர் கையிலிருந்த பத்திரத்தை மடித்தார்.

"இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. தோத்துட்டேன். உங்க பேருக்கே எழுதிடறேன்."

"அடியே, கேட்டியா? டீச்சரையே மடக்கிட்டேன்." ஹாரன் மனைவியைத் தேடி ஓடினார். தெருக்கோடி வரை கேட்டது.

"நிஜமாவே பதில் இல்லியா மேடம்?" என்றார் சர்வேயர்.

"நாலு இருக்கு." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "சும்மா குடுத்தா தொட மாட்டார் சார். ஒரு டீ குடுத்தாலே பதிலுக்குத் தக்காளி கொண்டாந்து வெச்சுடுவார். நான் மாற்றலாகிப் போறேன். இந்த வீட்டுக்கு என் பையன் வரான். வந்த கையோட தோட்டத்தை அழிச்சு கார் ஷெட் போட்டுடுவான். அதுக்கு முன்னாடி இவருக்கு எழுதிடணும்னுதான் அளக்கச் சொன்னேன்."

மார்ச் பதினொன்றாம் தேதி பத்திரம் பதிவானது. ஏப்ரல் முதல் வாரம் மகன் குடிவந்தார். கார் தெருவில் நிற்கிறது.