ஏழு நூல்

"நாற்காலிய நகத்தி வச்சது நீதான்டி!"

"நானா? உன் தொப்பைய கேளு, அண்ணே!"

கோவளம் எட்டியப்பனும் தங்கை தேவகியும் போட்ட கூச்சல் கடற்கரை வரை கேட்டது. இரண்டு நாற்காலிகளுக்குக் குறுக்கே, வீட்டிலிருந்த ஒரே அலைச்சறுக்குப் பலகை கிடந்தது. ஏறி நின்றால் யாருக்குக் குறைவாக வளைகிறதோ, அவருக்கே ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குப் பலகை. சட்டம் போட்டவனே எட்டியப்பன்தான். அலையை மிதித்துத் திருப்புகிற தனக்கு விறைப்பான பலகைதான் தோது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். வளைவை அளந்தால் அவனுக்கு ஏழு நூல், ஓர் அங்குலத்துக்கு ஒன்றுதான் குறைவு. அலையை நீவிக்கொண்டே போகிற தேவகிக்கு மூன்றே நூல். இரண்டு நாள் சோற்றைக் குறைத்தான், சட்டையைக் கழற்றினான், இன்று மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றான். அதே ஏழு.

"மூச்ச வுட்டுடு அண்ணே, அதுக்கு எடை கெடயாது."

ஞாயிறன்று பலகை அவளோடு போனது. தை மாதம் அவள் மாமல்லபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டபோது, சீர்ப் பாத்திரங்களுக்கு மேலே அதுவும் வண்டியேறியதை ஊரே பார்த்தது. எட்டியப்பனுக்கு இன்னும் பெண் அமையவில்லை. பெண் வீட்டார் வந்தால் அந்த இரண்டு நாற்காலிகளில்தான் உட்கார வேண்டும். அளந்த நாளில் கிடந்தபடியே ஒன்றுக்கொன்று ஐந்தடி தள்ளிக் கிடக்கும் அவற்றை யாரையும் அவன் நகர்த்த விடுவதில்லை.