ஆறாவது கூடை

"கிலுங்!"

சங்கிலி குலுங்கியதும் பஸ்காரர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டே வீச்சில் நாலாவது கூடையிலும் தட்டு விழுந்துவிட்டது. அடேயப்பா, அந்த முகத்தில்தான் எத்தனை பெருமை!

"கண்ண மூடிக்கிட்டுப் போட்டாக்கூட விழும் எனக்கு," என்றார் மனைவியிடம்.

"ஆமாமா, மெடல் வாங்க மேடைதான் இல்ல," என்று சிரித்தாள் அவள்.

விளையாட்டு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கோல்ஃப் மாதிரிதான், பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் கம்பத்தில் மாட்டிய இரும்புக் கூடை. கூடைக்கு மேலே சங்கிலிகள் தொங்கும், தட்டு அதில் மோதி உள்ளே விழ வேண்டும். பூங்காவில் புதிதாக நட்டிருந்த ஆறு கூடைகளும் கத்துக்குட்டிகளுக்கென்றே கிட்டக் கிட்ட இருந்தன.

ஒவ்வொரு கூடைக்கும் மனைவி முன்னால் ஓடிப்போய் நின்று சங்கிலியை ஆட்டுவாள். "இங்கங்க, இங்க!" முதல் ஞாயிற்றுக்கிழமை கேலிக்கு ஆரம்பித்தது, அப்படியே வழக்கமாகிவிட்டது.

அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தன் பாடு திண்டாட்டம் என்பதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கொஞ்ச நாளாகவே எதைப் பார்த்தாலும் நட்ட நடுவில் ஒரு புகை. ஓரமெல்லாம் தெரியும், பார்க்க வேண்டியது மட்டும் தெரியாது.

மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். போன வாரம் பள்ளி வாசலில் ஒரு குட்டிப் பெண், கீழே விழுந்த தொப்பியை எடுக்க பஸ்ஸுக்கு முன்னால் குனிந்திருக்கிறாள். காவலாளி போட்ட கூச்சலில்தான் இவர் பிரேக்கை மிதித்தார்.

அன்றிலிருந்து ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை. ஸ்டீயரிங்கை விட்டுவிட்டால் அப்புறம் தான் யார்?

விடிந்தால் பஸ் கம்பெனியில் கண் டெஸ்ட். போர்டில் உள்ள எழுத்துகளைக் கூட்டாளி டிரைவரிடம் கேட்டு நெட்டுருப் போட்டாயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், என்ன செய்ய!

ஐந்தாவது கூடைக்கு எறிந்தபோது கால்சட்டைப் பையில் இருந்த சாவிக்கொத்து தொடையில் குத்தியது. பஸ் சாவி, டீசல் டேங்க் சாவி, ஷெட் சாவி எல்லாம் ஒரே வளையத்தில். எடுத்து மனைவியிடம் கொடுத்தார்.

அந்த நேரம் பக்கத்துப் பாதையில் ஒரு தள்ளுவண்டி கடகடவென்று போனது. மனைவி வண்டிக்காரரை நிறுத்தி ஏதோ கேட்டுவிட்டு வந்தாள்.

"என்னவாம்?"

"ஏதோ பெயிண்ட் அடிக்கிற வேலையாம். அது கெடக்கட்டும். நாளைக்கு டெஸ்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துருவோமே? அன்னிக்கு ஊசியில நூல் கோத்துக் குடுங்கன்னேன், நேரமில்லன்னுட்டீங்க. நைட்டி தைக்கிறேன், ஜன்னல் திரையான்னு கேக்குறீங்க."

"ஆரம்பிச்சுட்டியா? என் கண்ணுக்கு என்ன கேடு?" அவருக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஆறாவது கூடைக்கு எறிகிற இடத்தில் நின்றுகொண்டு நேராகக் கையை நீட்டினார். "அதோ, சங்கிலி வெயில்ல பளபளன்னு மின்னுது பாரு. ஒரே வீச்சு. கூடையில விழுந்துச்சுன்னா டாக்டர் பேச்ச நீ எடுக்கவே கூடாது."

அவர் காட்டிய திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள் மனைவி.

"விழலேன்னா?" என்றாள் கடைசியில்.

"விழலேன்னா சாவிய நீயே வெச்சுக்க. நான் ஸ்டீயரிங்கத் தொட மாட்டேன். போதுமா?"

"வாக்கு மாறக் கூடாது."

"ஓட்டுற வண்டி மேல சத்தியம்."

அவள் மெல்ல நடந்துபோனாள். இந்தத் தடவை ஓடவில்லை, கேலியாகக் கூப்பிடவுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து எதிரிலிருந்து சத்தம் மட்டும் வந்தது. கிலுங், கிலுங். வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெலிசாகக் கேட்டது. காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டார்.

காதைத் தீட்டிக்கொண்டார். கடவுளே, இந்த ஒரு தடவை! இடுப்பைத் திருப்பி, மூச்சைப் பிடித்து, தட்டை விட்டார்.

ஒரு நொடி.

"கிலுங்!"

"விழுந்துச்சா! விழுந்துச்சுல்ல!" பஸ்காரர் சின்னப் பிள்ளையாகக் குதித்தார். நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த கல் இறங்கிவிட்டது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டே இன்னும் நாலைந்து வருஷம் ஓட்டலாம், யாருக்குத் தெரியப் போகிறது?

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"தோத்துட்டா அழுவாங்களா? இதுக்குத்தான் என்கிட்ட பந்தயம் கட்டாதேங்கிறது. சாவியக் குடு, போலாம்."

அவர் நீட்டிய கையில் அவள் சாவியை வைக்கவில்லை. அவருடைய காதோரம் கொண்டுபோய் ஒரே ஒரு ஆட்டு ஆட்டினாள்.

கிலுங்.

அதே மெலிசான சத்தம். அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது.

"பெயிண்ட் அடிக்கக் கழட்டி அந்தத் தள்ளுவண்டியிலதான் கொண்டுபோனாங்க. அங்க கூடையே இல்லைங்க."