மூன்று மில்லிகிராம்

அவள் கையைத் தூக்கினாள்.

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிகிற நேரம். அரங்குக்கு வெளியே சமோசாத் தட்டுகளை அடுக்கியாகிவிட்டது. முன்வரிசையில் இளம்பரிதியின் மாமனார், மடியில் சால்வை. இன்னும் பத்து நிமிடத்தில் மாப்பிள்ளை டாக்டர்.

"பொதுவுல யாராவது கேள்வி கேக்கணும்னா கேக்கலாம்" என்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒப்புக்குத்தான் சொன்னார். யாரும் கேட்பதில்லை.

முதலில் திரும்பிப் பார்த்தவர் பேராசிரியர். ஒரு காலத்தில் அவளுக்கும் அவர்தான் நெறியாளர். அவர் முகம் வெளுத்ததைப் பார்க்க அவளுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

திரையில் பாசிப்பயறுச் செடிகள். தண்ணீரை நிறுத்திவிட்டு மண்ணில் துளி செலினியம் கலந்தால் செடி வாட்டத்தைத் தாங்கும். இலையைக் காக்கும் நொதிகள் கூடும். கொஞ்சம் மிஞ்சினால் அதே செலினியம் இலையைக் கருக்கும். எந்த அளவுவரை கொடுக்கலாம் என்பதுதான் ஆராய்ச்சி.

அவளுடைய ஆராய்ச்சி.

நான்கு வருடம். விடியும் முன் இலை கிள்ளி, பனிக்கட்டியில் வைத்து அரைத்து, அளந்து அளந்து நோட்டில் எழுதியது. பக்கத்து மேசைக்காரன் இளம்பரிதி அதை வரிக்கு வரி தன் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தான். கண்ணால் பார்த்துவிட்டுப் பேராசிரியரிடம் ஓடினாள்.

"ஒரே லேப்தானேம்மா. இதுல என்ன உன்னுது, அவனுது?"

அன்று மாலை நோட்டில் ஒரு புதுப் பக்கம் திருப்பினாள்.

ஒன்று, இரண்டு, நான்கு மில்லிகிராம். அவள் கொடுத்துப் பார்த்த அளவுகள் அவ்வளவுதான். புதுப் பக்கத்தில் மூன்று என்று எழுதினாள். இல்லாத செடிகளுக்கு உயரம் போட்டாள். நொதி போட்டாள். எல்லாவற்றிலும் மூன்றையே முதலாவதாக வைத்தாள்.

நோட்டை மேசைமேல் விட்டாள். மறுநாள் படிப்பையும் விட்டாள்.

இன்று அவன் ஆய்வேட்டின் முடிவே அந்தப் பக்கம்தான்.

"மூணு மில்லிகிராம் செடிக்கு போட்டோ இருக்கா, இளம்பரிதி?"

"இருக்கே."

வந்தது. பச்சைப் பசேலென்று ஐந்து தொட்டிகள். மூலையில் தேதி வேறு.

சிரிப்பை அடக்க அவளுக்கு ஒரு நொடி தேவைப்பட்டது.

"அப்படி ஒரு செடிய யாருமே வளர்க்கல சார்."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

மூன்று வருடம் காத்திருந்த கேள்வி. வரும் திங்கட்கிழமை வேறு ஊரில், வேறு நெறியாளரிடம், அவள் மறுபடியும் ஆராய்ச்சியில் சேர வேண்டும். இதற்குப் பதில் சொன்னால் அது நடக்காது. பொய்க் கணக்கு எழுதிய கைக்கு எந்த ஆய்வகத்திலும் இடம் கிடையாது.

அது பேராசிரியருக்கும் தெரியும். அவள் கண்ணைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். வேண்டாம்மா.

அவர் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை. ஆசை தீர ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

பிறகு மைக்கை வாங்கித் தன் பெயரைச் சொன்னாள். அந்தப் பக்கத்தை எழுதிய தேதியைச் சொன்னாள்.

தேர்வாளர் பிழையில்லாமல் குறித்துக்கொள்ளட்டும் என்று, நிதானமாக.